மாறாப் பொருளின் சரித்திரம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவர்கள் நாள்தோறும் கையாளும் பொருள்கள் இருவகைப்படும்: படைக்கப்பட்ட பின்னரும் இருந்த இடத்தில் இருந்தபடியே உள்ளடக்கம் மாறக்கூடியவை ஒரு வகை, பிறந்த கணத்தில் எந்த மதிப்பைப் பெற்றனவோ அதையே அழியும்வரை தாங்கி நிற்பவை மற்றொரு வகை. பைத்தான் மொழி பயிலும் மாணவனுக்கு இந்தப் பாகுபாடு ஆரம்பப் பாடங்களிலேயே லிஸ்ட் என்றும் டியூபிள் என்றும் இரண்டு பெயர்களில் அறிமுகமாகிவிடுகிறது. ஆயினும் அதை ஓர் இலக்கண விதியாக மனனம் செய்துகொண்டு மேலே செல்பவர்களே அதிகம். அதன் பின்னே ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக நடந்துவந்த வாதம் ஒன்று உண்டு என்பதையும், அதில் வெகுகாலம் தோற்றுக்கொண்டே இருந்த கட்சி பிற்காலத்தில் தலையெடுத்தது என்பதையும் அறிந்தவர் சிலரே.

ஆதியில் மாறாப் பொருள் என்பதற்கு இடமே இருக்கவில்லை. 1945 ஜூன் மாதத் தேதியிட்ட அறிக்கையில் ஜான் வான் நியூமன் விவரித்த எட்வாக் இயந்திரத்தில் கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில் வாசம் செய்தன. ஆகவே, எண்ணை மாற்ற முடியுமானால் கட்டளையையும் மாற்ற முடியும் என்பது அந்த அமைப்பிலேயே அடங்கியிருந்தது. 1949 மே 6ஆம் தேதி கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸின் குழுவினர் எட்சாக் இயந்திரத்தை முதன்முதலில் இயக்கியபோது, பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலித்துடிப்புகளாகச் சுழன்றுகொண்டிருந்த அதன் நினைவகம் சில நூறு எண்களுக்குமேல் கொள்ளாதது. அதில் வரிசையாக வைக்கப்பட்ட நூறு எண்களைக் கூட்ட வேண்டுமென்றால், நூறு கூட்டல் கட்டளைகளை எழுதி வைக்க இடம் ஏது? ‘இன்ன இடத்தில் உள்ளதைக் கூட்டு’ என்று ஒரே ஒரு கட்டளையை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கட்டளையையே ஓர் எண்ணாகப் பாவித்து வெளியே எடுத்து, அதிலுள்ள முகவரியை ஒன்று உயர்த்தி, மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவார்கள். அடுத்த சுற்றில் அது அடுத்த எண்ணைக் கூட்டும். டேவிட் வீலர் வகுத்த துணைநிரல் முறையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்: அழைக்கப்பட்ட துணைநிரல், தன் வேலையைத் தொடங்குமுன், எங்கே திரும்பிப் போகவேண்டும் என்ற கட்டளையைத் தானே சிருஷ்டித்துத் தன் கடைசி வரியில் பதித்துக்கொள்ளும்.

இதனால் நேர்ந்த விளைவு விசித்திரமானது. ஓடி முடித்த நிரல் எழுதப்பட்ட நிரலாக இராது. பிழை கண்டு ஆராயப் புகுந்தவன் தன் கையிலுள்ள காகிதத்தையும் இயந்திரத்தின் வயிற்றில் கிடப்பதையும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறாயிருக்கும். அந்த முன்னோர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. மான்செஸ்டரில் அதே 1949இல், முகவரியைத் தனியே வைத்துக் கூட்டும் பதிவகம் ஒன்றைச் சேர்த்து, கட்டளையைத் திருத்தவேண்டிய நிர்ப்பந்தத்தைக் குறைத்தார்கள் என்பதே, அவர்களும் இதன் சிரமத்தை உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. ஆனால் இடப்பஞ்சம் கற்பித்த பழக்கம், இடம் பெருகிய பின்னும் எளிதில் நீங்கவில்லை.

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸின் குழு வெளியிட்ட போர்ட்ரான் மொழி, நிரல் எழுதுகிறவனை இயந்திரக் கட்டளைகளிலிருந்து விடுவித்தது உண்மை. ஆயினும் பெயரிட்ட பெட்டிக்குள் மதிப்பைப் போடுவதும் எடுப்பதும் மறுபடி போடுவதுமே கணிதம் என்ற மனப்பான்மையை அது அப்படியே சுவீகரித்துக்கொண்டது. பழைய போர்ட்ரான் கம்பைலர்கள் பலவற்றில் நிகழ்ந்த ஒரு விபரீதத்தை இங்கே சொல்லவேண்டும். துணைநிரலுக்கு ஒரு மதிப்பை அனுப்பும்போது அதன் நினைவக முகவரியையே அனுப்புவது வழக்கம். நிரலன் 2 என்ற எண்ணை அனுப்பி, துணைநிரல் தான் பெற்றதில் 3 என்று எழுதிவிட்டால், 2 சேமிக்கப்பட்டிருந்த இடத்திலேயே 3 குடியேறிவிடும். அதன்பின் அந்த நிரலில் 2 என்று எழுதிய இடமெல்லாம் 3 என்றே கணக்காகும். கணிதத்தில் மாறிலி என்று சொல்லப்படுவதும் மாறிப்போன அந்த நிலையைவிட, மாறுதலுக்கு வரம்பு வேண்டும் என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியின் மூலபுருஷர் ஜான் மெக்கார்த்தி. 1960இல் அவர் பிரசுரித்த லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில், பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பதென்றால் பழைய பட்டியலைத் தொடாமல் அதன் தலையில் புதிய கண்ணி ஒன்றைக் கோப்பதே முறை. பழையது அப்படியே இருக்கும். அதையே வாலாகக் கொண்டு புதியது பிறக்கும். இரண்டு பட்டியல்கள் ஒரே வாலைப் பகிர்ந்துகொண்டாலும் ஒன்றால் மற்றொன்றுக்கு ஹானி இல்லை. எவ்வளவு அழகிய ஏற்பாடு! ஆனால் வேகத்தை நாடியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1962இல் வந்த லிஸ்ப் கையேட்டில், ஏற்கெனவே உள்ள கண்ணியைப் பிரித்து வேறிடத்தில் பிணைக்கும் இரண்டு செயல்களும் இடம்பெற்றுவிட்டன. அவற்றைக் கொண்டு ஒரு பட்டியலின் வாலை அதன் தலையோடு முடிச்சுப்போட்டால், அச்சிடத் தொடங்கிய இயந்திரம் நிறுத்துவதே இல்லை.

இந்த வாதத்தின் உச்சகட்டமாக நான் கருதுவது 1977ஆம் ஆண்டு டூரிங் பரிசைப் பெற்றுக்கொண்டு பாக்கஸ் நிகழ்த்திய உரையே. போர்ட்ரானைப் படைத்து உலகப்புகழ் பெற்ற மனிதர், அந்தப் புகழுக்காகவே பரிசளித்த சபையில் எழுந்து நின்று, ஒவ்வொரு மதிப்பாக நினைவகத்திலிருந்து எடுத்து மாற்றித் திரும்ப வைக்கும் வான் நியூமன் பாணியிலிருந்து நிரலாக்கம் விடுதலை பெறவேண்டும் என்று வாதாடினார். தம் வாழ்நாள் சாதனையின் அஸ்திவாரத்தையே சோதனைக்கு உட்படுத்திய அந்த அறிவு நேர்மைக்குத் தொழில்நுட்ப உலகில் ஈடு அரிது.

உரைகளால் மட்டும் உலகம் மாறிவிடுவதில்லை. 1986 முதல் எரிக்சன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழியில், ஒரு பெயருக்கு ஒருமுறை கட்டிய மதிப்பை மறுபடி மாற்ற இயலாது. 1990இல் வெளியான ஹாஸ்கெல் அதையே சித்தாந்தமாகக் கொண்டது. ஆனால் பெருவாரியான நிரலர்களின் வீட்டுக்குள் மாறாப் பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது ஜாவாவின் எழுத்துச்சரம்தான். 1996இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே சரம் மாறாதது. காரணம் பாதுகாப்பு: ஒரு கோப்பின் பெயரைக் காவல்பகுதி பரிசீலித்து அனுமதித்த மறுகணம், திறப்பதற்குமுன், வேறொருவன் அந்தப் பெயரின் எழுத்துகளை மாற்றிவிடக்கூடுமானால் காவலால் என்ன பிரயோஜனம்? இவ்வளவு கருத்தாகச் சரத்தைக் காத்தவர்கள் தேதியை மட்டும் மாறும் பொருளாக விட்டது பெருங்குறை. ஒப்பந்தமொன்றின் முடிவுத் தேதியை ஒரு பொருளுக்குள் கொடுத்துச் சரிபார்த்த பின்னர், கொடுத்தவன் தன்னிடமுள்ள அதே தேதியைத் திருத்தினால், ஒப்பந்தம் தொடங்குமுன்பே முடிந்துபோகும். ஜோஷுவா பிளாக் 2001இல் எழுதிய நூலில் இந்த அபாயத்தை எடுத்துக்காட்டி, பெற்றவுடன் பிரதி எடுத்துக்கொள்ளும்படி உபதேசித்தார். மாறாத தேதிகளை ஜாவாவே வழங்கியது 2014இல்தான்.

இதற்கிடையில் இயந்திரத்தின் ஸ்வபாவமே மாறிற்று. 2005ஐ ஒட்டி, ஒரே செயலியின் வேகத்தைப் பெருக்குவது கடினமாகி, ஒரு சில்லில் பல செயலிகளை வைக்கத் தொடங்கினார்கள். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே சமயத்தில் அழித்து எழுதினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆயிற்று. மாறாப் பொருளை எத்தனை செயலிகள் படித்தாலும் பூட்டு வேண்டியதில்லை. ‘சிறு திருத்தத்துக்கும் முழுப் பிரதி எடுப்பதா?’ என்ற பழைய ஆட்சேபத்துக்கும் விடை கிடைத்திருந்தது: பில் பாக்வெலின் ஆராய்ச்சியைத் தழுவி ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட குளோஜர் மொழியில், வரிசைகள் கணுவுக்கு 32 கிளைகள் கொண்ட மரங்களாக அமைகின்றன. நான்கு அடுக்குகளில் 10,48,576 மதிப்புகள் அடங்கும். அவற்றில் ஒன்றைத் திருத்த நான்கு கணுக்களை மட்டும் புதிதாக எழுதினால் போதும், ஏனைய யாவும் பழைய மரத்தோடு பொதுவாகவே நிற்கும்.

இதனால் மாறும் பொருள் தேவையில்லை என்பது என் கட்சியன்று. ஒரு படத்தின் லட்சக்கணக்கான புள்ளிகளைத் தீட்டவும், பெரிய அணியொன்றை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்தவும் அது இன்றும் இன்றியமையாதது. ஆனால் அது நான்கு சுவர்களுக்குள் வேலைசெய்து, முடிந்ததை மட்டும் வெளியே அனுப்பவேண்டும். 2015இல் முதற் பதிப்பு வெளியான ரஸ்ட் மொழியில், ஒரு மாறி மாறக்கூடியது என்று எழுதுகிறவன் வெளிப்படையாகக் குறித்தால் ஒழிய, அது மாறாததாகவே கொள்ளப்படும். ஐம்பது ஆண்டு வழக்கத்தைத் தலைகீழாக்கிய இந்த ஏற்பாடே சரியானது என்று நான் நினைக்கிறேன். நம் கல்லூரிகளில் நிரலாக்கம் போதிக்கும் ஆசிரியர்கள் எந்த மொழியைக் கையாண்டாலும், மாற்றுவது எப்படி என்பதற்குமுன், எதை மாற்றாமல் விடலாம் என்பதை மாணவர்களுக்குப் பழக்க வேண்டுகிறேன்.