லயத்துக் கோழிகளின் நூறு ஆண்டுகள்

கோழிக்கு வியர்க்காது. வியர்வைச் சுரப்பியே இல்லாத பறவை அது. உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி. கோலாலம்பூரின் நடுப்பகலோ ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரியில் நிற்கிறது. காற்றில் ஈரம் வேறு. வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதும், இறக்கைகளை அகட்டிக்கொண்டு நிழலில் நிற்பதும்தான் கோழிக்குத் தெரிந்த வைத்தியம். ஓயாமல் மூச்சு வாங்கினால் உடம்பிலுள்ள கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலியும். இத்தனை இருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சிலும் தமிழர் வீட்டுக் கொல்லையில் கோழிகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தன. பிறகு அந்தக் கூடுகள் காலியாயின. காலி செய்தது வெயிலும் இல்லை, செள்ளும் இல்லை.

வெயில் கோழிக்குப் புதிதும் அல்ல. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி மலாயாக் காட்டுப் பிறவி. மலாய்க்காரர்கள் ஆயாம் ஹூத்தான் என்பார்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்றும் திரிகிறது. வளர்ப்புக் கோழியின் மிகப் பழைய எலும்புகள் என்று 2022இல் ஆய்வாளர்கள் காட்டியவை தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. சுமார் 3,500 ஆண்டுப் பழமை. நம் பக்கத்துப் பங்கும் கொஞ்சம் உண்டு. கோழிக் காலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபியலார் கண்டறிந்தார்கள். ஒப்பந்தத்தில் மலாயாவுக்கு வந்த சஞ்சிக்கூலிகளுக்கு முன்பே நம் காட்டுக்கோழி உலகம் சுற்றப் புறப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்றைய கிள்ளான் துறைமுகம், சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் 1901இல் திறக்கப்பட்டது. ரப்பர் விலை ஏற ஏறக் கிள்ளானைச் சுற்றியும் கேரித் தீவிலும் தோட்டங்கள் பெருகின. லயத்துக்குப் பின்னால் ஒரு பலகைக் கூண்டு. பொழுது புலருமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போது அதைத் திறந்துவிட்டால், கோழி ரப்பர் மரங்களின் நிழலில் தானே மேய்ந்துவிட்டு அந்திக்குத் திரும்பும். தீவனச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி, உலகப் பொருளாதாரச் சரிவில் 1930இல் 40 காசானது; பிறகு இன்னும் இறங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் முட்டை விற்ற காசு பெண்களின் கையில் தங்கிய காசு. பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க ஒரு விடைக்கோழி, தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட ஒரு சேவல், தீபாவளிக்கு ஒரு குழம்பு என்று எல்லாம் கொல்லையிலிருந்தே வந்தது.

இந்த இடத்தில் கோலாலம்பூரில் நடந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கொள்ளை கொண்டுபோனது. சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கால் விளங்காமல் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இரு அரிசிகளையும் நோயாளிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்து, வேறுபாட்டை உறுதி செய்தார். அடுத்து, 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆய்வாளர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளைப் பிடித்தார்கள். தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்தது. அரிசியைத் தீட்டும்போது கழிகிற தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. அந்தத் தவிட்டில் இருந்தது பின்னாளில் பி1 வைட்டமின் என்று பெயர் பெற்றது. ஆய்வுக்கூடத்துக்குக் கோழி சொல்லிக்கொடுத்த பாடம் இது. கோழிக்குத் தவிடு பிசைந்து வைத்த லயத்துப் பாட்டிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெக்கை ஊரில் ஒட்டுண்ணிகளுக்கு ஓய்வு கிடையாது. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் செஞ்செள், சூடான சூழலில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். இங்கே அந்த உதவி இல்லை. அடைகாக்கும் கோழியின் முகம் வெளுத்து, முட்டையை விட்டு எழுந்து ஓடினால் செள் ஏறிவிட்டது என்று அர்த்தம். சாம்பலும் புழுதியும் குவித்துக் கோழியைப் புரளவிடுவது, அடைக்கூடையில் வேப்பிலையும் புகையிலைத் துண்டும் போடுவது, கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவுவது என்பவை ஊரிலிருந்து கூடவே வந்த கைவைத்தியங்கள். புகையிலையில் உள்ள நிகோடின் ஒரு பூச்சிக்கொல்லி. சாம்பல் பூச்சியின் மேல்தோலை உலர்த்திவிடும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய தோட்டத்துத் துரைமார்கள் யாரேனும் இருந்திருந்தால், தவறு அவர்களுடையதுதான்.

இறகு கொட்டும் பருவமும் இங்கே வேறுவிதம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கும். பண்ணைக் கோழிகள் அதை உணர்ந்து ஒட்டுமொத்தமாக இறகு உதிர்க்கும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே உள்ள கோலாலம்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் ஒவ்வொரு கோழியும் தன் கணக்குப்படி, பெரும்பாலும் அடைகாத்துக் குஞ்சு வளர்த்த பிறகு, சொட்டைக் கழுத்தோடு திரியும். இறகில் பெரும்பகுதி புரதம் என்பதால் அந்த வாரங்களில் முட்டை நின்றுபோகும். கரையான் புற்றை உடைத்துப் போடுவதும் நெத்திலித் தலையை இடித்துக் கலப்பதும் அதற்கான சரியான ஈடு.

கைவைத்தியம் தோற்ற இடம் ஒன்று உண்டு. வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, இந்தியாவில் ராணிக்கெட் என்று பெயர் வாங்கிய வைரஸ் நோய் அது. இரவு நன்றாக அடைந்த கோழிகள் சில நாளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, கூண்டோடு போய்விடும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் அதன் முன் எடுபடவில்லை. தடுப்பூசி இருந்தது, ஆனால் அது பண்ணைகளுக்கானது: ஒரு குப்பியில் ஆயிரம் கோழிக்கான மருந்து, குளிரூட்டியை விட்டு எடுத்தால் இந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மரத்தில் அடையும் நாலு கோழிக்கு யார் அதை வாங்கி, யார் பிடித்துப் போடுவது?

விடை செர்டாங்கில் கிடைத்தது. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரோவும், அங்கே அப்போது மலேசிய வேளாண் பல்கலைக்கழகமாக இருந்த யுபிஎம்மின் லத்தீப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் முதலியோரும் ஆஸ்திரேலிய அரசின் வேளாண் ஆய்வு உதவியோடு 1980களின் நடுவில் ஒரு வழி கண்டார்கள். ஆஸ்திரேலியக் கோழிகளில் நோய் உண்டாக்காமல் வாழ்ந்த வி4 என்ற வைரஸ் வகையிலிருந்து, சூடு தாங்கும் ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தீவனக் குருணையில் பூசிக் கம்போங் கோழிகளுக்கு இறைத்தார்கள். ஊசி இல்லை, பிடித்து அடைக்கும் பாடு இல்லை. எல்லாக் கோழிக்கும் ஒரே அளவில் மருந்து போய்ச் சேராதது அதன் குறை. ஆனாலும் வழி திறந்தது. அதே தடத்தில் உருவான ஐ-2 தடுப்புமருந்து, வியட்நாமிலும் மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கிராமத்துக் கோழிகளுக்குக் கண்சொட்டாகப் போனது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் டி58 என்ற வைரஸ் வகையைக் கொண்டு, தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியது.

நோய்க்கு வழி கிடைத்த காலத்தில் கொல்லை போய்விட்டது. எஃபிங்காம் தோட்டம் 1950களில் பெட்டாலிங் ஜெயாவாகவும், சுங்கை ரெங்கம் தோட்டம் பிறகு ஷா ஆலமாகவும் மாறின. பிரிக்ஃபீல்ட்சில் ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. லயத்தை விட்டவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். நாலாம் மாடியில் கோழி எங்கே மேயும்? 2006 பிப்ரவரியில் செத்தாபாக் பக்கம் கம்போங் பாசிர் வார்டிபர்னில் மேய்ச்சல் கோழிகள் செத்து விழ, எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. அவிழ்த்துவிட்ட கோழியை அக்கம்பக்கத்தார் பார்க்கும் பார்வையும் அன்றோடு மாறியது.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. பண்ணைக் கோழியின் தீவனச் சோளம் பெரும்பாலும் கப்பலில் வருவது. அந்த விலை ஏறினால் எல்லாம் ஏறும். காப்பார், பந்திங் பக்கம் இன்னும் வீட்டோரம் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்கள் நாலு கோழி வளர்க்க நினைத்தால், செள்ளுக்குச் சாம்பலும் வேப்பிலையும் ஓரளவு கைகொடுக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் கைவைத்தியத்தை நம்பாமல், குஞ்சு வாங்குமுன் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் தடுப்புமருந்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.