வெள்ளைக் கொக்கும் கறுப்பு நீர்க்காகமும்: வேடந்தாங்கலில் ஒரு ஒளிக்கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூரைத் தாண்டி தெற்கே போனால் வேடந்தாங்கல். 2019 வரை காஞ்சி மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் சீசன் நேரத்தில் பாருங்க, ஒரே கிளையில் வெள்ளைக் கொக்கும் கறுப்பு நீர்க்காகமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு அழகு, கேமராவுக்குத் தலைவலி.

ஏன்? கேமராவின் ஒளிமானிக்கு எது கொக்கு, எது காகம்னு தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கொக்கு என்றால், இலையின் இருட்டை நம்பி அதிக ஒளியை விடும். கொக்கின் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். பளீரென்ற வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்த நீர்க்காகம் வெறும் கரிய நிழலாகும். அதனால்தான் முதல் பறவைக்கு முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைக்கச் சொல்கிறார்கள், இரண்டாவதற்குக் கூட்டச் சொல்கிறார்கள்.

இரண்டும் ஒரே படத்தில் வந்தால்? இங்கேதான் வரலாறு சுவாரசியம். வேடந்தாங்கலைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் உதிரிகளை ஒட்டவைத்து உருவாக்கிய தன் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அந்தக் காலத்து நெகட்டிவில் நிழல் பதியாவிட்டால் போனது போனதுதான்; வெளுத்த இடத்தையோ இருட்டறையில் கூடுதல் ஒளி கொடுத்து ஓரளவு மீட்கலாம். ஆகவே நிழலுக்கு அளந்தார்கள். டிஜிட்டலில் இது தலைகீழ். வெளுத்தது திரும்பாது, ரா ஃபைலில் நிழலைத் தூக்கலாம். அதனால் இப்போது கொக்குக்குத்தான் அளக்க வேண்டும். பழைய புத்தக அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது வெட்டுவது. 35 மி.மீ. ஃபிலிமைவிட 6×6 செ.மீ. நெகட்டிவின் பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல். அதில் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கினாலும் படம் தாங்கும். இன்றைய 24 மெகாபிக்சல் படத்தில் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் மிச்சம் 6 மெகாபிக்சல். 10 அங்குல அகலத்துக்கு நல்ல பிரிண்ட் போடலாம். ஆனால் ஒளி குறைத்து எடுத்து, பிறகு நிழலைத் தூக்கி, அதையும் வெட்டினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். ஒளியும் வெட்டும் தனித்தனிக் கணக்கு இல்லை. வெட்டும்போது பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள், அதுக்கும் மூச்சுவிட இடம் வேண்டாமா!

‘வெட்டினால் திறமைக் குறைவு, கிட்டப் போய் எடு’ என்று சொல்பவர்கள் உண்டு. கிட்டப் போன வரலாறு அவ்வளவு அழகில்லை. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத்தோலுக்குள்ளேயே ஒளிந்து பறவைகளை நெருங்கினார்கள், அது வேடிக்கை. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் ‘கூடு சரியாகத் தெரியலையே’ என்று மறைக்கும் கிளையை ஒடித்தார்கள். கிளை போனால் குஞ்சுக்கு வெயில், காக்கைக்கோ விருந்து. இதனால்தான் இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை.

வேடந்தாங்கல் மக்கள் இதை எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு கௌல் எழுதிக்கொடுத்தார். மதுராந்தகம் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான்.

துப்பாக்கிக்கு அன்று கேட்ட தூரத்தையே லென்சுக்கும் கேட்கலாம். கரையிலேயே நில்லுங்க, கொக்குக்கு அளந்து எடுங்க. மிச்சத்தை வீட்டில் வந்து வெட்டிக்கலாம். கிளையை வெட்ட வேண்டாம்.