காந்தம் இல்லாத காந்தம்

சினிமாப் பத்திரிகையில் படக்குறிப்பு எழுதிப் பிழைத்தவன் நான். நடிகை யாரானாலும் ‘காந்தக் கண்ணழகி’ என்று போட்டுவிடுவேன். அது அலுத்தால் ‘மெஸ்மரிசப் புன்னகை’. இந்த இரண்டாவது அடைமொழிக்குப் பெயர் கொடுத்த டாக்டர் மெஸ்மரும் காந்தத்தில் தொடங்கியவர்தான்.

வியன்னாவில் 1774-இல் பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் நோயாளி ஒருத்தியின் உடம்பில் நிஜக் காந்தங்களையே வைத்து வைத்தியம் பார்த்தார். பிறகு, காந்தம் எதற்கு, என் கையும் பார்வையுமே போதும் என்று சொல்லிவிட்டார். 1778-இல் பாரிஸ் போனார், சீமாட்டிகள் குவிந்தார்கள்.

மங்கலான அறை. நடுவே மூடிபோட்ட பெரிய மரத்தொட்டி. உள்ளே தண்ணீர் பாட்டில்களும் இரும்புத்தூளும். மூடியிலிருந்து நீளும் வளைந்த கம்பியை வலிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார வேண்டும். கண்ணாடிக் கிண்ண வாத்தியம் ஒலிக்கும். ஊதாப் பட்டு அங்கியில் மெஸ்மர் வருவார், உற்றுப் பார்ப்பார். சிலர் அழுவார்கள், சிலர் கைகால் வெட்டிக்கொண்டு விழுவார்கள். நம்மூரில் சாமி வந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1784-இல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு போட்டார். தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணாடி வாத்தியத்துக்கு வடிவம் கொடுத்தவரே அவர்தான். வேதியியல் அறிஞர் லவாய்சியேவும் குழுவில் இருந்தார். மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை, அவருடைய சீடர் டாக்டர் தெஸ்லான் வந்தார். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு மெஸ்மர் முறைப்படி சக்தி ஏற்றினார். கண்ணைக் கட்டிய சிறுவன் ஒருவனை மரம் மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி நின்றது!

எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை வந்தது. கற்பனை எப்படி ஆளைச் சாய்க்கிறது என்று குழு மேற்கொண்டு தோண்டவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். என் தொழிலே அதை நம்பித்தானே ஓடியது.

மன்னருக்கென்று இன்னொரு ரகசிய அறிக்கையும் போனது. ஆண் வைத்தியர், பெண் நோயாளி, முழங்காலோடு முழங்கால், முகத்தருகே முகம்: இது ஒழுக்கத்துக்கு ஆபத்து என்றது. மயக்கத்தில் கிடக்கும் பெண்ணிடம் ஒருவன் எல்லை மீற முடியுமா என்று போலீஸ் தலைவர் தெஸ்லானிடம் கேட்டிருக்கிறார். முடியும் என்று ஒப்புக்கொண்ட அவர், அதனால்தான் இதை டாக்டர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்றாராம்.