கண் மூடாத சவாசனம்

மண்டபம் முகாமுக்குப் பழைய வரலாறு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன நம் ஜனங்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. 1983-க்குப் பிறகு அக்கரையிலிருந்து படகேறி வந்த அகதிகளுக்கு அதுவே புகலிடமாயிற்று.

1990-இல் மறுபடி போர் மூண்டு வந்தவர்களுக்கு, வாத்தியாராக இருந்த நான் மாலையில் யோகா சொல்லிக்கொடுத்தேன். சவாசனத்தில் "கண்ணை மூடுங்க" என்றதும் ஓர் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூடினால் ஷெல் சத்தம்தான் கேக்குது, மாஸ்டர்."

மறுநாள் முதல் எல்லோரையும் கண் திறந்தபடி சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். மூச்சை மெதுவாக, நீளமாக விட்டால் போதும் என்றேன். சில வாரம் கழித்து அந்த அம்மா சொன்னார்: "ராத்திரி கொஞ்சம் நித்திரை வந்தது, மாஸ்டர்."

அதற்குப் பிறகு யாரையும் நான் கண்ணை மூடச் சொன்னதில்லை.