பதினொருவரும் படலைக்கு வெளியே நின்றோரும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில், மழையினால் விளையாட்டு நேரம் தடைப்பட்ட ஒரு பிற்பகலில், உயர்தர வகுப்பு மாணவர்கள் தமக்குள் ஒரு வழக்கைத் தொடுத்திருந்தனர். கிரிக்கெட் ஆட்டம் தோன்றிய காலந்தொட்டு இன்றுவரை ஆடியோருள் தலைசிறந்த பதினொருவரைத் தெரிந்து ஓர் அணி அமைப்பதானால், அதில் எவரெவர் இடம்பெறுவர் என்பதே வழக்கு. தீர்ப்புக் கூறும் பொறுப்பு என்மீது சுமத்தப்பட்டது. ஆறு பட்டியல்கள் என்முன் வைக்கப்பட்டன. அவற்றிடையே வேற்றுமை மிகச் சிறிது. பிரட்மன், சோபர்ஸ், டெண்டுல்கர் ஆகிய மூவரும் ஆறிலும் இருந்தனர். வோர்னா முரளிதரனா என்ற இடத்தில் மட்டுமே குரல்கள் உயர்ந்தன. அவ்வேளை, அதுவரை வாய் திறவாதிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, பட்டியலை ஆர் எழுதினாலும் ஏன் திரும்பத் திரும்ப அதே பேர்தான் வருகுது?"

அக்கேள்விக்கு நான் அன்று கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆறுதலாக எண்ணிப் பார்த்தபொழுது, அது விளையாட்டைப் பற்றிய கேள்வியன்று, வரலாற்றைப் பற்றிய கேள்வி என்பது புலனாயிற்று.

மாணவர்கள் செய்ததையே அறிஞர்களும் செய்துள்ளனர். கிரிக்கெட் உலகின் வேதநூலெனப் போற்றப்படும் 'விஸ்டன்' ஆண்டு மலர், 2000ஆம் ஆண்டில் நூறு பேரிடம் வாக்குப் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் ஐந்து சிறந்த வீரர்களை அறிவித்தது. பிரட்மன் 100 வாக்குகளும், சோபர்ஸ் 90 வாக்குகளும், ஹொப்ஸ் 30 வாக்குகளும், வோர்ன் 27 வாக்குகளும், விவியன் ரிச்சர்ட்ஸ் 25 வாக்குகளும் பெற்றனர். வாக்களித்த நூற்றுவருள் 28 பேர் இங்கிலாந்தையும் 20 பேர் அவுஸ்திரேலியாவையும் சேர்ந்தோர், இலங்கையர் மூவர். தனது 150ஆவது மலர் வெளிவந்த 2013ஆம் ஆண்டில் அதே ஏடு பதினொருவர் கொண்ட அணி ஒன்றையும் அமைத்தது. அதில் டபிள்யூ. ஜி. கிரேஸ் முதல் மல்கம் மார்ஷல் வரை பெரும்புகழ் வாய்ந்தோர் இருந்தனர். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முரளிதரன் இல்லை.

இப்பட்டியல்களில் உள்ளோர் தகுதியற்றவர் என்று கூறுவது என் நோக்கமன்று. 52 டெஸ்ட் ஆட்டங்களில் 6996 ஓட்டங்கள் குவித்து 99.94 என்னும் சராசரியை எய்திய பிரட்மனை ஒதுக்க முனைவது பேதைமையே ஆகும். நாம் ஆராய வேண்டியது அளவுகோலை. எல்லாப் பட்டியல்களும் டெஸ்ட் ஆட்டத்தின் எண்களையே பெரிதும் நம்பியுள்ளன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? டெஸ்ட் ஆட்டம் 1877இல் மெல்பர்னில் தொடங்கியது. 1909இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் கூடி ஏகாதிபத்திய கிரிக்கெட் மாநாடு என்னும் அமைப்பை நிறுவின. டெஸ்ட் ஆடும் உரிமை எவர்க்கு உண்டு என்பதை அதன்பின் அவ்வமைப்பே முடிவுசெய்தது. மேற்கிந்தியத் தீவுகள் 1928 வரையும், இந்தியா 1932 வரையும், இலங்கை 1982 வரையும் வாயிலில் காத்து நின்றன. எனவே டெஸ்ட் எண் என்பது திறமையின் அளவு மட்டுமன்று. மைதானத்தின் படலை எவர்க்கு எப்பொழுது திறக்கப்பட்டது என்பதன் கணக்குமாகும்.

ஜோர்ஜ் ஹெட்லியை எடுத்துக்கொள்வோம். பனாமாவிற் பிறந்து ஜமெய்க்காவில் வளர்ந்த இக்கறுப்பினத் துடுப்பாட்ட வீரர் 1930இல் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தையும் 1954இல் இறுதி ஆட்டத்தையும் ஆடினார். இருபத்து நான்கு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 22 ஆட்டங்களே. அவற்றுள் 10 சதங்கள், சராசரி 60.83. லோர்ட்ஸ் மைதானத்தில் ஒரே டெஸ்டின் இரு இனிங்ஸிலும் சதமடித்த முதல்வரும் அவரே; அது நிகழ்ந்தது 1939இல். ஆங்கில ஏடுகள் அவரைக் 'கறுப்புப் பிரட்மன்' என்றன. அவருடைய மக்களோ, பிரட்மன்தான் 'வெள்ளை ஹெட்லி' என்று விடை பகர்ந்தனர். போர் இருவருடைய ஆண்டுகளையும் விழுங்கியது உண்மை. ஆனால் அணித்தலைமை வெள்ளையர்க்கே உரியது என்ற எழுதாச் சட்டம் ஹெட்லிக்கு மட்டுமே இருந்தது. 1948இல் ஒரேயொரு டெஸ்டில் அவர் தலைவராக விடப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் ஒரு தொடர் முழுவதற்கும் தலைமை தாங்குவதற்கு, 1960இல் பிராங் வொரல் அவுஸ்திரேலியா செல்லும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் தானாகக் கனியவில்லை, ரினிடாட்டில் சி. எல். ஆர். ஜேம்ஸ் பத்திரிகை வாயிலாக நடத்திய போராட்டம் அதற்குப் பின்னணியாய் நின்றது.

இந்தியாவில் படலையைக் காத்து நின்றவர் வெள்ளையர் மட்டுமல்லர். தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் ஐரோப்பியர் கழகத்தின் மைதானத்தைச் செப்பனிடும் தொழிலாளியாக இருந்தார். வலைப் பயிற்சியில் துரைமாருக்குப் பந்து வீசுவது அவர் கடமை. துடுப்பைப் பிடிக்கும் உரிமை அவருக்கில்லை. இடக்கைச் சுழற்பந்து வீச்சில் அவர் பெற்ற தேர்ச்சியைக் கண்ட இந்துக் கழகத்தார், வெள்ளையரை வெல்லும் ஆசையினால் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். இடைவேளையில் அவருக்கு மட்டும் தேநீர் வெளியே, மட்பாண்டத்தில் வழங்கப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைவர் பட்டியாலா மகாராசா. அச்சுற்றுப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பாலு. ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு ஒருபொழுதும் அளிக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல் அது கிட்டியது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியபோது பாலு முதுமையை அணுகியிருந்தார். அவர் பெயருக்கு எதிரே டெஸ்ட் கணக்கில் ஓர் எண்ணும் இல்லை. மாறாக, 1936இல் இங்கிலாந்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய விஜயநகரத்து இளவரசர் மூன்று டெஸ்டுகளில் மொத்தம் 33 ஓட்டங்கள் பெற்றார். அந்த எண் இன்றும் ஏட்டில் உள்ளது!

தென்னாபிரிக்காவின் கதை இன்னும் கொடியது. 1894இல் அந்நாட்டு அணி முதன்முறையாக இங்கிலாந்து புறப்பட்டபோது, குரொம் ஹென்ட்ரிக்ஸ் என்னும் வேகப் பந்து வீச்சாளர் கலப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் தவிர்க்கப்பட்டார். அன்று கேப் குடியேற்ற நாட்டின் பிரதமராயிருந்தவர் செசில் ரோட்ஸ். எழுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், கேப்ரவுனை விட்டு இங்கிலாந்திற்குக் குடிபெயர்ந்திருந்த பசில் டொலிவெய்ரா, 1968இல் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தும், தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் ஆங்கில அணியில் முதலிற் சேர்க்கப்படவில்லை. பின் ஒருவர் விலகியதால் அவர் அழைக்கப்பட்டபோது, பிரதமர் வொர்ஸ்டர் அவ்வணியை ஏற்க மறுத்தார், சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. 1970 முதல் 1991 வரை தென்னாபிரிக்கா உலக அரங்கிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. இனவெறி ஈற்றில் தன் மக்களையும் தீண்டியது: பரி ரிச்சர்ட்ஸ் என்னும் வெள்ளையின வீரர் நான்கு டெஸ்டுகளில் 508 ஓட்டங்கள் பெற்றதோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நான்கே ஆட்டங்கள் ஆடிய ரிச்சர்ட்ஸ் தலைசிறந்தோர் பற்றிய விவாதங்களில் இன்றும் பேசப்படுகிறார். ஓர் ஆட்டமும் பெறாத ஹென்ட்ரிக்ஸை எவர் பேசுகின்றனர்? இழப்பிலும் சமத்துவம் இல்லை.

நிறத்தோடும் சாதியோடும் வர்க்கமும் சேர்ந்தே இயங்கியது. இங்கிலாந்தில் ஊதியம் பெறாது ஆடுவோர் 'கனவான்கள்' எனவும், கூலிக்கு ஆடுவோர் 'ஆட்டக்காரர்' எனவும் பிரிக்கப்பட்ட முறை 1962 வரை நீடித்தது. சுரங்கத் தொழிலாளியாயிருந்த ஹரல்ட் லார்வூட், 1932-33இல் கனவான் தலைவர் ஜார்டினின் கட்டளைப்படி அவுஸ்திரேலியரின் உடலை நோக்கிப் பந்து வீசி 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கண்டனம் எழுந்தபொழுது மன்னிப்புக் கோருமாறு பணிக்கப்பட்டவர் லார்வூட். அவர் மறுத்தார், அதன்பின் அவர் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை. கட்டளையிட்ட ஜார்டினோ அடுத்த பருவத்தில் இந்தியாவுக்கு அணித் தலைவராகவே வந்தார்.

அவுஸ்திரேலியாவிலும் ஒருவர் இருந்தார். எடி கில்பேர்ட் என்னும் அந்நாட்டுப் பூர்வகுடி வேகப் பந்து வீச்சாளர், 1931 நவம்பரில் பிரிஸ்பேனில் பிரட்மனை ஓட்டமெதுவுமின்றி வீழ்த்தினார். பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு'க்கென இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், அனுமதியின்றித் தமது குடியேற்றத்தை விட்டு வெளியேறவும் அவரால் இயலாது. அடுத்த மாதமே மெல்பர்னில், அவர் பந்தை எறிகிறார் என நடுவர் ஒருவர் மீண்டும் மீண்டும் தடுத்தார். டெஸ்ட் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின், 1995 டிசம்பரில், அதே மெல்பர்னில், அதே குற்றச்சாட்டு முரளிதரன்மீது சுமத்தப்பட்டது.

இரண்டும் ஒன்றென நான் வாதிடவில்லை. காலம் மாறியிருந்தது, முரளிதரனுக்குப் பின்னால் ஒரு நாடும் அதன் அணித்தலைவரும் நின்றனர். பிறவியிலேயே முற்றாக நிமிராத அவருடைய முழங்கை ஆய்வுகூடங்களில் அளக்கப்பட்டது. அத்தகைய ஆய்வுகள் பெருகியபோது, பெரும்பாலான பந்து வீச்சாளரின் முழங்கையும் வீசும் வேளையில் ஓரளவு நிமிர்கிறது என்ற உண்மை வெளிப்பட்டு, விதியே திருத்தப்பட்டது. வெறுங்கண்ணை மட்டும் நம்பிய தீர்ப்பு விஞ்ஞானத்தின் முன் நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்திற்கு வந்த தொழிலாளி ஒருவரின் பேரன் உலகில் எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் அவருடைய தந்தையார் தொழிலதிபராக உயர்ந்திருந்தார். கண்டியின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றின் மைதானம் மகனுக்குக் கிடைத்தது. லயன் அறைகளில் தங்கிவிட்டோரின் பேரர்களுக்கு எந்த மைதானம் இருந்தது?

நம் நாட்டுத் துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948இல் பிரட்மனின் அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பு ஓவலில் ஒருநாள் ஆடியபோது இலங்கையணியின் தலைவர் அவரே. அன்று ஆடுகளத்தின் நீளம் குறித்துப் பிரட்மனுக்கு ஐயம் எழுந்தது. அளந்து பார்த்தபோது 22 யாருக்குப் பதில் 20 யாரே இருந்ததாம். நம்மவர் தவறை அவர்கள் அளந்து கண்டனர். நம்மவரின் ஆற்றலை அளக்க டெஸ்ட் என்னும் கோலை மட்டும் மேலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் தரவில்லை. சதாசிவம் 1977இல் காலமானார். இலங்கை தன் முதல் டெஸ்டை 1982இல் அதே மைதானத்தில் ஆடியது.

கேள்வி கேட்டவள் ஒரு மாணவி என்பதையும் மறத்தல் தகாது. ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும் பெற்ற முதல் மனிதர் ஆணல்லர். 1958இல் மெல்பர்னில் அதனைச் சாதித்த பெற்றி வில்சன் என்னும் அவுஸ்திரேலியப் பெண். ஆறு பட்டியல்களில் ஒன்றிலேனும் அவர் பெயர் இல்லை. அவரைப் பற்றி மாணவர் அறிந்திருக்கவில்லை. நானும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். 'திறமைக்குரிய இடத்தை இரக்கத்திற்குக் கொடுப்பதா?' என்பர். அன்று. பாலுவை எடுத்து வோர்னை நீக்குக என நான் கூறவில்லை. பாலு வோர்னுக்கு நிகரானவரா என்பதை எவராலும் நிறுவ முடியாது. அதை நிறுவ இயலாதவாறு செய்ததே அநீதி. வறியோனை வாட்டுவதோடு நில்லாது, அவன் வாட்டப்பட்டமைக்கான சான்றையும் அழித்துவிடுவது சுரண்டலின் இயல்பு. ஆகவே பட்டியல் அமைப்போர் 'எக்காலத்திற்கும் தலைசிறந்த பதினொருவர்' என்று எழுதும்போது, 'ஆட அனுமதிக்கப்பட்டோருள்' என்ற இரு சொற்களையும் சேர்த்து எழுதுதல் நேர்மையாகும்.

பிறரைக் குறை கூறுவது எளிது. சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை அணிக்கு மாணவரைத் தெரியும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைக் காற்சட்டையும் இன்றி வருவோரை எடுப்பதில்லை என்ற ஒழுங்கை நானே விதித்தேன். முதல் நாள் வெறுங்காலுடன் வந்து, எங்கள் சிறந்த துடுப்பாட்டக்காரனை மூன்று முறை வீழ்த்திய மாணவன் ஒருவன் மறுநாள் வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவில்லை. அணி சிறந்த அணி என்றே அவ்வாண்டு அறிக்கையில் எழுதினேன்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்பொழுது என்னால் விடை கூற முடியும். படலையில் நிற்பவன் மாறாதவரை பட்டியலும் மாறாது. வரும் தவணை அணி தெரியும் நாளில் சப்பாத்து விதி இராது. மைதானத்தின் ஒரு பாதி மாணவியர்க்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதினொருவரைத் தெரியும் வேலை அதன்பின் தொடங்கட்டும்.