கோலார் தங்கவயலில் விருப்ப ஓய்வு: ஒரு சுரங்கம் ஆளிழந்த வரலாறு

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டன என்று வரலாற்று நூல்கள் ஒரு நாளைக் குறிப்பிட்டாலும், அவற்றிலிருந்து தொழிலாளரைக் குறைக்கும் பணி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, விருப்ப ஓய்வு என்ற பெயரில், கதவடைப்போ ஆட்குறைப்பு ஆணையோ இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. மூடுவதற்கான அனுமதியை அரசு வழங்கிய நாளில், ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர்வரை உழைத்த வயலில் எஞ்சியிருந்தோர் அதில் ஒரு சிறு பகுதியினரே. அந்த இடைக்காலத்தை விளங்கிக்கொள்ளாமல் மூடலை மட்டும் பேசுவது முறையாகாது.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் மைசூர் சமஸ்தானத்தின் இப்பகுதியில் பொறுப்பேற்ற பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் மக்கள், பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் ஆகிய இடங்களில் நிறுவனம் அமைத்த ‘லைன்’ எனப்படும் குடியிருப்பு வரிசைகளில் குடியேறினர். வீடும் குடிநீரும் மருத்துவமனையும் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தன. ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்களை நிறுத்துவதற்கு அக்காலத்தில் விதியோ இழப்பீடோ பெரிதாகத் தேவைப்படவில்லை. தொழிலாளரைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930இல் நடந்த பெரும் வேலைநிறுத்தமும், 1940களில் வளர்ந்த சங்க இயக்கமுமே, வேலை என்பது நிறுவனம் நினைத்தபோது தந்து நினைத்தபோது பறிக்கும் சலுகையன்று என்ற கருத்தை அங்கே நிலைநாட்டின.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. தொடக்கப் பத்தாண்டுகளில் ஒரு டன் தாதுவில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், இறுதி ஆண்டுகளில் நான்கைந்து கிராமாகவும் அதற்குக் கீழாகவும் சுருங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியிருந்ததால், பாறையின் வெப்பத்தைத் தணிக்கவும், ஊற்றுநீரை இறைக்கவும், அழுத்தம் தாங்காமல் பாறை திடீரெனச் சிதறும் பாறைவெடிப்புகளிலிருந்து ஆட்களைக் காக்கவும் ஆன செலவு ஆண்டுதோறும் ஏறியது. அதே வேளையில், எடுத்த தங்கத்தை நிறுவனம் உள்நாட்டுச் சந்தையில் விற்க முடியாமல், முதலில் பன்னாட்டு நாணய நிதியத்தின் அதிகாரபூர்வ விலையை ஒட்டியும், பின்னர் உள்நாட்டு விலையைவிடத் தாழ்ந்த லண்டன் சந்தை விலைக்கும் அரசிடமே ஒப்படைத்தது. கணக்கேட்டில் எழுதப்பட்ட நட்டத்தில் ஒரு பங்கு இந்த விலை ஏற்பாட்டால் விளைந்தது. அந்தப் பங்கையும் தொழிலாளரின் கணக்கில் சேர்த்தே பின்னர் பேசியது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

நட்டத்தில் இயங்கும் சுரங்கத்தில் ஊதியச் செலவைக் குறைக்கச் சட்டம் எளிய வழி எதையும் விட்டுவைக்கவில்லை. தொழிற் தகராறுகள் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம்-பி அத்தியாயத்தின்படி, முந்நூறு பேருக்குக் குறையாமல் (1984 முதல் நூறு பேருக்குக் குறையாமல்) வேலை செய்யும் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் தோட்டங்களும் லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் ஆகிய மூன்றுக்கும் அரசின் முன்னனுமதியைப் பெற்றாக வேண்டியிருந்தது. லே-ஆஃப் என்பது தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே வேலை தராமல் நிறுத்திவைப்பது. அந்நாட்களுக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி தரப்பட வேண்டும். மின்தட்டுப்பாடு, இயற்கைச் சீற்றம், சுரங்கத்தில் தீ, வெள்ளம், வெடிப்பு போன்றவற்றால் வந்த லே-ஆஃபுக்கு மட்டும் முன்னனுமதி தேவைப்படவில்லை. தங்கம் குறைந்துவிட்டது என்ற காரணம் அந்த விலக்கில் அடங்கவில்லை.

அனுமதி தேவைப்படாத ஒரே வழி, தொழிலாளி தானே எழுதிக் கொடுத்து விலகுவது. பொதுத்துறை நிறுவனங்களுக்காக 1988 அக்டோபரில் மத்திய அரசு வகுத்த விருப்ப ஓய்வுத் திட்டம், பத்தாண்டுப் பணியை முடித்தவரோ நாற்பது வயதை எட்டியவரோ விலகினால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றரை மாத ஊதியம், அல்லது ஓய்வு வயதுக்கு மீதமிருக்கும் மாதங்களுக்கான ஊதியம், இவ்விரண்டில் எது குறைவோ அது கருணைத்தொகையாகத் தரப்படும் என்றது. ‘எது குறைவோ அது’ என்னும் அந்த விதியை எண்களில் வைத்துப் பார்க்க வேண்டும். முப்பதாண்டு பணியாற்றிய ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளிக்குப் பணிக்காலக் கணக்கில் நாற்பத்தைந்து மாத ஊதியம் வரும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுக்கு மீதமிருப்பது முப்பத்தாறு மாதம் என்பதால் அவர் பெறுவது முப்பத்தாறே. இருபதாண்டு பணியாற்றிய நாற்பத்தைந்து வயதுக்காரர் பெறுவதோ முப்பது மாத ஊதியம். அவர் இழப்பது பதின்மூன்று ஆண்டு வேலை.

ஆயினும் பலர் எழுதிக் கொடுத்தனர். 1985ஆம் ஆண்டின் நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், நிறுவனம் 1992இல் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்திடம் அனுப்பப்பட்டது. விருப்ப ஓய்வுக்குப் பணம் தருவதற்கெனத் தேசியப் புதுப்பித்தல் நிதியமும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. சுரங்கம் சட்டப்படி மூடப்பட்டால் கிடைக்கக்கூடிய குறைந்தபட்ச இழப்பீடு, பணியாற்றிய ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம். விருப்ப ஓய்விலோ நாற்பத்தைந்து நாள். மூடல் எந்நேரமும் வரலாம் என்ற நிலையில் வாரியத்தின் விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே தொழிலாளியின் விருப்பத்தைத் தீர்மானித்தது. பெயரளவில் விருப்பமாக இருந்த அந்த முடிவில் அச்சத்துக்கு இருந்த பங்கு பெரிது.

விமானத்துறை அண்மையில் கண்டதும் இதே முறைதான். 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, அமெரிக்க அரசு ஊதியத்துக்கென நிதியுதவி தந்து, செப்டம்பர் 30 வரை எவரையும் ஊதியமின்றி நிறுத்திவைக்கக் கூடாது என நிபந்தனை விதிக்க, நிறுவனங்கள் முன்கூட்டிய ஓய்வுத் திட்டங்களால் ஆட்களைக் குறைத்தன. டாட்டா குழுமத்துக்கு மாறிய ஏர் இந்தியாவும் 2022இல் விருப்ப ஓய்வுக்கான வயதைத் தளர்த்தியது. விமானப் பணியாளருக்கு அதே திறனைக் கேட்கும் வேறு நிறுவனங்கள், காலம் கடந்தேனும், இருந்தன. ஆழத்தில் பாறையைத் துளைத்து மரச்சட்டம் நிறுத்தக் கற்ற கோலார் தொழிலாளிக்கு, ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கத்தைத் தவிர நாட்டில் குறிப்பிடத்தக்க வேறு தங்கச் சுரங்கம் அப்போது இருக்கவில்லை.

மாத ஊதியத்தையும் ஆண்டுகளையும் பெருக்கிய அந்த வாய்பாட்டுக்கு வெளியே நின்றவை பல. வேலை போனால் லைன் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் நிறுவன மருத்துவமனையும் கேள்விக்குள்ளாயின. மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு முன் விட்டுவந்த ஊர்களில் திரும்பிச் சென்று அமர்வதற்கு நிலம் இருந்ததில்லை. உடலின் நிலை இவை அனைத்தையும்விடக் கொடியது: பாறைத்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றி 1940–46இல் இவ்வயலில் நடந்த ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட 7,653 பேரில் 43.7 விழுக்காட்டினருக்கு அது இருந்ததாகக் கண்டது. பின்னர் தூசியைக் கட்டுப்படுத்தும் முறைகள் மேம்பட்டன என்றாலும், நாற்பத்தைந்து வயதில் வெளியேறும் சுரங்கத் தொழிலாளியை வேறு தொழிலுக்குத் தகுதியான முழு உடலுடையவராகக் கருதிய திட்டம் அவ்வூரின் வரலாற்றை அறியாதது.

வாரியம் 2000 ஜூனில் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. 2001 ஜனவரியில் தொழிலாளர் அமைச்சகம் மூடுவதற்கு அனுமதி அளித்தது. மார்ச் 1 முதல் மூடல் நடைமுறைக்கு வந்தது. எஞ்சியிருந்தோருக்குச் சட்டம் கூறிய குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாகச் சிறப்பு இறுதிப்பலன் தொகுப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் அத்தொகையோடு நிற்காமல், சுரங்கத்தைத் தாங்களே கூட்டாக ஏற்று நடத்தும் உரிமையைக் கோரி கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகின. தொழிலாளரின் நியாயத்தை அதைவிடத் தெளிவாக உரைத்த கோரிக்கை வேறில்லை, ஏனெனில் சுரங்கத்தை நடத்தும் அறிவு அவர்களிடமே இருந்தது. 2006இல் மத்திய அமைச்சரவை சுரங்கச் சொத்துகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர முடிவு செய்தது. அம்முடிவை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதற்கிடையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் அதிகாலை ரயில்களே ஊரின் பிழைப்பாகிவிட்டன. மூடலின்போது நாற்பது வயதாயிருந்த தொழிலாளி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது ஐம்பத்திரண்டைக் கடந்திருந்தார். பழைய விதிப்படி கணக்கிட்டால் அவருக்கு மீதமிருந்த பணிக்காலம் ஆறு ஆண்டுகளுக்கும் குறைவு.