அபிவிருத்தி என்ற சொல்லுக்குள் இருக்கும் அரசியல்

போர் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கில் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'அபிவிருத்தி'. வீதியும் பாலமும் கடன் திட்டமும் இந்தப் பெயரில்தான் வந்தன. காணி பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் கேட்டபோதும் பல தடவை இதுவே பதிலானது. உலகில் வேறு மக்களும் இதே சொல்லைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள்.

சொல் வந்த வழி

1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஹரி ட்ரூமன், பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கும் திட்டத்தைத் தனது பதவியேற்பு உரையில் அறிவித்தார். 1960களில் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் போன்ற சார்புக் கோட்பாட்டாளர்கள் இந்தப் பார்வையை மறுத்தனர். ஏழை நாடுகள் பின்தங்கி நிற்கவில்லை, செல்வந்த நாடுகளுடனான உறவே அவற்றை ஏழைகளாக்கியது என்பது அவர்களின் வாதம்.

லெசோத்தோவின் பாடம்

1975இல் தென்னாபிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோவின் தாபா-த்செக்கா பகுதியில் உலக வங்கி, கனடா ஆகியவற்றின் உதவியுடன் ஒரு கிராமியத் திட்டம் தொடங்கியது. திட்டமிட்டவர்கள் அந்நாட்டைச் சந்தை தெரியாத விவசாய நாடாகவே பார்த்தனர். உண்மையில் அங்குள்ள ஆண்கள் பல தசாப்தங்களாகத் தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் கூலி வேலை செய்துவந்தனர். அவர்களுக்கு மாடு விற்பனைப் பொருளல்ல, முதுமைக்கான சேமிப்பு. கால்நடைத் திட்டம் தோற்றது. ஆனால் வீதியும் அரச அலுவலகங்களும் வந்தன. அவற்றோடு அரசின் பிடியும் இறுகியது.

மானிடவியலாளர் ஜேம்ஸ் பெர்குசன் 1990இல் வெளியிட்ட நூலில் இதை 'அரசியல் நீக்கும் இயந்திரம்' என்றார். அரசியல் பிரச்சினை, தொழில்நுட்பப் பிரச்சினையாக மாற்றப்படுகிறது என்பதே இதன் பொருள்.

எமது மண்ணில்

போர் பறித்த வருமானத்துக்கும் உழைப்பவரின் இழப்புக்கும் மாற்றாக நுண்கடன் முன்வைக்கப்பட்டபோதும் இதுவே நடந்தது. இழப்பீடு கேட்கவேண்டிய பெண், கிழமைத் தவணை கட்டவேண்டிய கடனாளியானாள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

எதிர்வாதம்

இந்த விமர்சனங்களுக்கும் மறுப்பு உண்டு. வைத்தியசாலையையும் பள்ளிக்கூடத்தையும் எந்த ஊரும் வேண்டாம் என்பதில்லை. மக்கள் தாம் மதிக்கும் வாழ்வை வாழும் சுதந்திரமே அபிவிருத்தி என்றார் அமர்த்தியா சென். அந்த அளவுகோலின்படி, வீதி போட்டால் மட்டும் போதாது. அந்த வீதியின் முடிவில் இருக்கும் காணி யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.